‘கிரேடு மூன்று’ என்றால் எந்த மூன்று?

புதுதில்லி அன்சாரி நகரில், எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் எதிரிலுள்ள சப்தர்ஜங் மருத்துவமனைக்கும் இடைப்பட்ட சாலையில், பிளாஸ்டிக் உறைக்குள் எக்ஸ்ரே படங்களையும் காகிதங்களையும் சுமந்து நடப்பவர்கள் எந்நேரமும் உண்டு. பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இரவு ரயிலேறி வந்தவர்கள் பலர். அவர்களுள் ஒருவருடைய மகனுக்கு முழங்காலருகே எலும்பில் கட்டி என்று கொள்க. உறைக்குள் இருக்கும் ஆங்கில அறிக்கையில் அவர் அடையாளம் காணக்கூடியது ஓர் எண் மட்டுமே. அந்த எண் 3 என்றால், அது எந்த மூன்று என்பதைப் பொறுத்தே அவன் காலின் கதி இருக்கிறது.

காண்ட்ரோசார்கோமா எனப்படும் குருத்தெலும்புப் புற்றுநோயின் திசு அறிக்கையில் ‘கிரேடு 3’ என்றிருந்தால், அது மூர்க்கமான கட்டி. நுரையீரலுக்குப் பரவும் வாய்ப்பு மிகுதி. ராட்சத செல் கட்டியின் எக்ஸ்ரே குறிப்பில் ‘காம்பனாச்சி கிரேடு 3’ என்றிருந்தால், கட்டி எலும்பின் புறச்சுவரை உடைத்து வெளியே வந்திருக்கிறது என்பதே பொருள். அது புற்றுநோய் என்று அந்த எண் சொல்லவில்லை. ஆஸ்டியோசார்கோமாவுக்குக் கீமோதெரபி கொடுத்தபின் அறுத்தெடுத்த எலும்பைச் சோதித்து ‘ஹூவோஸ் கிரேடு 3’ என எழுதினால், அது நற்செய்தி; கட்டியின் 90 விழுக்காட்டுக்கு மேல் மடிந்துவிட்டது. என்னெக்கிங் வகுத்த நிலை முறையில், தீங்கற்ற கட்டிகளுக்குச் சாதாரண எண்களும் புற்றுநோய்களுக்கு ரோமன் எண்களும் வழங்குகின்றன. சாதாரண 3 சுற்றிலும் அரித்துக்கொண்டு வளரும் தீங்கற்ற கட்டியைக் குறிக்கும்; ரோமன் மூன்று உடலின் வேறிடத்துக்குப் பரவிவிட்ட புற்றுநோயைக் குறிக்கும். வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஒன்றே.

இந்தக் குழப்பத்தைத் தமிழ் இன்னும் கூட்டுகிறது. கிரேடு என்பதைத் ‘தரம்’ என்று பெயர்ப்பது வழக்கம். தமிழில் முதல் தரம் என்றால் சிறந்தது, மூன்றாம் தரம் என்றால் மட்டமானது. ‘ஹை கிரேடு’ என்பதை ‘உயர்தரக் கட்டி’ என்று எழுதினால், பட்டுப் புடவைக்குச் சொல்வதைப் புற்றுநோய்க்குச் சொன்னதாகிறது. இந்தியில் ‘தர்ஜா’ என்ற சொல்லுக்கும் இதே தொல்லை. ‘அவ்வல் தர்ஜா’ பாராட்டுச் சொல். மக்கள் இதை உணர்ந்தோ உணராமலோ வேறொரு சொல்லைப் பற்றிக்கொண்டார்கள். தில்லி வார்டுகளில் ‘கோன்-சா ஸ்டேஜ் ஹை?’ என்று கேட்கிறார்கள். சென்னை அடையாற்றில் ‘எந்த ஸ்டேஜ்?’ என்று கேட்கிறார்கள். ஆனால் ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதன் அளவு; கிரேடு என்பது செல்கள் எவ்வளவு திரிந்திருக்கின்றன என்பதன் அளவு. ஊரின் பரப்பும் ஊராரின் குணமும் ஒன்றாகா. கிரேடு 3 என்று எழுதிய காகிதத்தைக் காட்டி ஸ்டேஜ் மூன்று என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்கள். கேட்டவர்கள் அதற்கேற்ப அழுகிறார்கள், நிலத்தை விற்கிறார்கள், அல்லது இனி வைத்தியம் எதற்கு என்று முடிவுகட்டுகிறார்கள்.

கட்டிகளுக்கு எண் கொடுக்கும் பழக்கம் பழையது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஆல்பர்ட் பிராடர்ஸ் 1920இல் உதட்டுப் புற்றுநோய்களை நான்கு படிகளாகப் பிரித்தார். கட்டியின் செல்கள் தாம் தோன்றிய இயல்பான திசுவை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதே அவரது அளவுகோல். எலும்புக்கு வந்தபோது இந்த அளவுகோல் ஓரிடத்தில் நன்றாக வேலை செய்தது. காண்ட்ரோசார்கோமாவில் செல்களின் நெருக்கம், உட்கருவின் அளவும் கருமையும், பிரியும் செல்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு மூன்று படிகள் வகுத்தனர். எவன்ஸ் குழுவினர் 1977இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் முதற்படியில் 90 விழுக்காடு, இரண்டாம் படியில் 81, மூன்றாம் படியில் 43. எண்ணுக்கும் விதிக்கும் இவ்வளவு தெளிவான உறவு இருந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

ஆனால் அந்த அளவுகோலின் கீழ்முனை தள்ளாடுகிறது. தீங்கற்ற குருத்தெலும்புக் கட்டியான என்காண்ட்ரோமாவுக்கும் முதற்படிக் காண்ட்ரோசார்கோமாவுக்கும் இடையே கோடு கிழிக்கச் சொன்னால், அனுபவமிக்க நோய்க்குறியியல் வல்லுநர்களே ஒருவரோடொருவர் ஒத்துப்போவதில்லை. நீண்ட எலும்புகளின் குருத்தெலும்புக் கட்டிகளைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வொன்று இதை எண்களோடு காட்டியது. படம் பார்க்கும் கதிரியலாளர்களும் அதில் மேலாக நிற்கவில்லை. இதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டு நூல் கண்ட தீர்வு மொழி பயில்வோருக்குச் சுவையானது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் முதற்படிக் காண்ட்ரோசார்கோமாவுக்கு ‘இயல்பு திரிந்த குருத்தெலும்புக் கட்டி’ என்று பொருள்படும் இன்னொரு பெயரும் சூட்டப்பட்டது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விரு பெயர்களும் இடத்தைக்கொண்டு பிரிக்கப்பட்டன. கை, கால் எலும்புகளில் இருந்தால் அது வெறும் ‘கட்டி’. இடுப்பெலும்பு, தோள்பட்டை, மண்டையோட்டு அடி போன்ற இடங்களில் இருந்தால் அதே தோற்றமுள்ள திசு ‘சார்கோமா, கிரேடு 1’. உருப்பெருக்கியின் கீழ் வேறுபாடில்லை. இருக்கும் இடம் பெயரை மாற்றுகிறது. உலகளாவிய குறியீட்டில் இரண்டுக்கும் 9222 என்ற அதே எண். சாய்கோட்டுக்குப் பின் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 3. புற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறுவதும் ஏறாததும் அந்தச் சாய்கோட்டுக்கு அப்பால் முடிவாகிறது.

இது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. தொடை எலும்பிலுள்ள அத்தகைய கட்டியைச் சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் போதும். இடுப்பிலுள்ளது முழுதாக வெட்டி எடுக்கப்படாவிட்டால் திரும்பத் திரும்ப வந்து உயிர்வரை பாயும். பெயர், நடத்தையைப் பின்பற்றுகிறது. ஆயினும் பழைய பதிப்பின் பெயரோடு ஓர் ஊரிலும் புதிய பதிப்பின் பெயரோடு இன்னோர் ஊரிலும் அறிக்கை வாங்கியவருக்கு இதை யார் சொல்வது? முதல் அறிக்கையில் புற்றுநோய், இரண்டாவதில் புற்றுநோய் இல்லை. இருவருள் ஒருவர் பொய் சொல்கிறார் என்றே அவர் முடிவுக்கு வருவார்.

எண்ணுக்கு முன் வர வேண்டியது வகை. எலும்புக் கட்டிகளில் பெரும்பாலும் வகையே எண்ணைத் தீர்மானித்துவிடுகிறது. யூயிங் சார்கோமாவுக்குப் படிப் பிரிப்பே கிடையாது. அது எப்போதும் கடுமையான படியில்தான் வைக்கப்படும். எலும்பின் மேற்பரப்பில் மெல்ல வளரும் பரோஸ்டியல் ஆஸ்டியோசார்கோமாவோ பெரும்பாலும் தாழ்ந்த படி. அறுவை போதும், கீமோதெரபி வேண்டா. வகையை அறியாமல் எண்ணை மட்டும் படிப்பது, எந்தத் தேர்வு என்று தெரியாமல் மதிப்பெண்ணைப் படிப்பதைப் போன்றது. மூலக்கூறுக் குறிப்பான்கள் எனப்படும் மரபணு அடையாளங்கள் இந்த வகையை நிலைநாட்டவே வந்தவை.

ராட்சத செல் கட்டியைக் காண்க. மேலைநாடுகளைவிட ஆசியாவில் இதன் பங்கு மிகுதி. இருபது முதல் நாற்பது வயதுக்குள் முழங்காலைச் சுற்றி வருவது. பெயர் சொல்லும் அந்த ராட்சத செல்கள், பல உட்கருக்களைக் கொண்டு எலும்பைத் தின்னும் செல்கள், உண்மையில் கட்டியைச் சேர்ந்தவையே அல்ல. அவை அழைக்கப்பட்டு வந்த கூலிப்படை. அழைப்பவை அவற்றினிடையே அடக்கமாக நிற்கும் ஒற்றை உட்கருச் செல்கள். எண்பது ஆண்டுகளுக்கு முன் ஜாஃபியும் லிக்டன்ஸ்டைனும் இக்கட்டிக்கு மூன்று படிகள் வகுத்தார்கள், எந்தப் படியிலுள்ளது திரும்ப வரும், எது வராது என்று அந்தப் படிகளால் முன்னறிய முடியவில்லை, முறை கைவிடப்பட்டது. 2013இல்தான் உண்மையான கையொப்பம் கிடைத்தது. டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தைச் செய்யும் எச்3எஃப்3ஏ என்ற மரபணுவில், 34ஆம் இடத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. சோதித்த கட்டிகளில் 92 விழுக்காட்டில் அம்மரபணுவில் பிறழ்வு இருந்தது. அதுவும் அந்த அடக்கமான செல்களில் மட்டும். இன்று ஜி34டபிள்யூ என்ற அப்பிறழ்வை ஓர் ஐ.எச்.சி. சாயம் கொண்டே மெழுகுத் துண்டில் காணலாம்.

அதே 2013இல் இக்கட்டிக்கு டெனோசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மருந்து ஏறியதும் கூலிப்படை மறைந்துபோகிறது. கட்டிக்குள் புது எலும்பு படிகிறது. மருந்து கொடுத்த செய்தி தெரியாமல் அந்தத் துண்டைப் பார்ப்பவருக்கு அது ஆஸ்டியோசார்கோமாவாகத் தோன்றக்கூடும். தோற்றம் மாறினாலும் ஜி34டபிள்யூ அங்கேயே இருக்கும். ஓரிடத்தில் ஊசி போட்டுக்கொண்டு இன்னோரிடத்தில் அறுவைக்கு வரும் நோயாளிகள் நிறைந்த நாட்டில் இந்த ஒரு சாயம் எவ்வளவு பெரிய பிழையைத் தடுக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு உண்டு. எலும்புக்குள் இரத்தம் நிறைந்த அறைகளோடு வீங்கும் அனியூரிஸ்மல் எலும்பு நீர்க்கட்டி தீங்கற்றது. சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் முடிந்தது. அதே வயதில், அதே இடத்தில், படத்தில் ஏறக்குறைய அதே முகத்தோடு வருவது டெலாஞ்சியெக்டாட்டிக் ஆஸ்டியோசார்கோமா. அதற்கு மாதக்கணக்கில் கீமோதெரபியும், எலும்பையே அகற்றும் அறுவையும் வேண்டும். முதலாவதில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் யுஎஸ்பி6 என்ற மரபணு இடம்பெயர்ந்திருக்கும். இரண்டாவதில் அப்படி இருப்பதில்லை. ஊசியில் வந்த துண்டு சிறியதாக இருந்து, உருப்பெருக்கியில் பார்த்தவர் உறுதியாகச் சொல்ல இயலாமல் தவிக்கும்போது, இந்தச் சோதனையின் விடை ஒரு சிறுவனின் பள்ளிப் படிப்பிலிருந்து ஓராண்டை மீட்டுக்கொடுக்கும்; அல்லது தவறான ஆறுதலிலிருந்து அவனைக் காப்பாற்றும்.

மரபணுவை ஆரூடம்போல் கொள்வதும் தவறு. குருத்தெலும்புக் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் ஐடிஎச் பிறழ்வு உண்டு. ஆனால் அது தீங்கற்ற என்காண்ட்ரோமாவிலும் உண்டு. ஆகவே கட்டி குருத்தெலும்பு வகையா, குருத்தெலும்பு வேடமிட்ட ஆஸ்டியோசார்கோமாவா என்பதை அது சொல்லும். தீங்கானதா இல்லையா என்பதைச் சொல்லாது. யூயிங் சார்கோமாவில் 11, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது பெரும்பான்மை வழக்கம். ஆனால் பரவலாகச் செய்யப்படும் ஃபிஷ் சோதனை ஒரு மரபணு உடைந்திருப்பதை மட்டுமே காட்டும், அது எதனோடு ஒட்டிக்கொண்டது என்பதைக் காட்டாது. வேறு துணையோடு ஒட்டிய கட்டிகளை 2020ஆம் ஆண்டு வகைப்பாடு தனி நோய்களாகப் பிரித்துவிட்டது. ‘நெகட்டிவ்’ என்ற சொல்லும் இப்படித்தான். பிறழ்வு இல்லை என்பதற்கும் சோதனை பலிக்கவில்லை என்பதற்கும் அறிக்கைகளில் அந்த ஒரே சொல் வந்து நிற்பதுண்டு.

சோதனை ஏன் பலிப்பதில்லை? இங்கேதான் பேச்சு, வல்லுநர் மேசையிலிருந்து அமில வாளிக்குப் போக வேண்டும். எலும்பைச் சீவ முடியாது. மெழுகில் பதித்து மெல்லிய ஏடாக வெட்டுவதற்கு முன் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்தாக வேண்டும். ஆய்வகத்தார் அதை டீகால் என்பார்கள். நைட்ரிக் அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ போட்டால் விரைவில் முடியும். அந்த அமிலம் சுண்ணாம்போடு டிஎன்ஏவையும் சிதைத்துவிடும். செல்களின் உருவம் ஓரளவு தப்பும். ஆகவே ஸ்லைடு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். உள்ளிருந்த எழுத்து அழிந்திருக்கும். இடிடிஏ கரைசல் மெதுவாகக் கரைக்கும், நாட்கணக்கில் ஆகும், ஆனால் மரபணுவைக் காப்பாற்றும். இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. எலும்புக் கட்டிகள் பலவற்றில் மென்மையான பகுதி இருக்கும். அதற்கு எந்த அமிலமும் வேண்டா. அந்தத் துணுக்கைத் தனிக் காசெட்டில் இட்டு, ஃபார்மலினிலிருந்து நேரே மெழுகுக்கு அனுப்பினால் போதும்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் துண்டு எடுத்து, அங்கேயே முழுவதையும் அமிலத்திலிட்டு, பிளாக்கும் ஸ்லைடுமாகப் பையில் போட்டுத் தில்லிக்கு அனுப்பினால், இங்கே எவ்வளவு விலையுயர்ந்த கருவி காத்திருந்தாலும் பயனில்லை. மறுபடி ஊசி, மறுபடி வரிசை, மறுபடி இரண்டு மூன்று வாரம். அதற்குள் கட்டி சும்மா இராது. மூலக்கூறு நோயறிதலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மரபணு வரிசையறியும் கருவிகளின் எண்ணிக்கையைப் பேசுகிறார்கள். வாளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செலவில்லாத சீர்திருத்தத்துக்கு அடிக்கல் நாட்ட முடியாது என்பது காரணமாக இருக்கலாம்.

செலவுள்ள பகுதிக்கும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. தில்லி 2025இல் அதில் இணைந்தது. அத்திட்டம் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களின் செலவையும் வெளியேறிய பின் 15 நாட்களின் செலவையும் கணக்கில் கொள்கிறது. எலும்புக் கட்டியின் பெயர் முடிவாவதோ சேர்க்கைக்கு வாரங்களுக்கு முன்னால். பெயர் தெரிந்த பின்புதான் எந்தச் சிகிச்சை, எந்தத் தொகுப்பு என்று தெரியும். அதாவது அறுவைக்குப் பணம் உண்டு, அறுவை வேண்டுமா என்று தீர்மானிக்கும் சோதனைக்கு அவர் சட்டைப் பையைத் தடவ வேண்டும். ஜி34டபிள்யூ சாயம், எம்டிஎம்2, யுஎஸ்பி6, யூயிங் வகை இணைவுகள் ஆகிய சில சோதனைகளையாவது ‘கூடுதல்’ என்ற பட்டியலிலிருந்து நோயறிதலின் அடிப்படைப் பட்டியலுக்கு மாற்றுவது நியாயம்.

இனி அறிக்கை. அது மருத்துவர் மருத்துவருக்கு எழுதும் கடிதம், நோயாளிக்காக எழுதப்படுவதன்று என்பது பழைய வாதம். தில்லியில் அந்த வாதம் நிற்காது. இங்கே கடிதத்தைச் சுமப்பவரே தபால்காரர். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து ஜஜ்ஜருக்கோ மும்பைக்கோ அவரே கொண்டுபோகிறார். வழியில் மருந்துக் கடைக்காரர் முதல் உறவுக்காரர் வரை எல்லாரும் அதைப் பிரித்துப் படிக்கிறார்கள். படிக்கத் தெரிந்தால் அஞ்சிவிடுவார்கள் என்போர், படிக்கத் தெரியாமல் இப்போது எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதைப் பார்த்ததில்லை போலும்.

எய்ம்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஆர்.கே. புரத்தில், அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இயங்கிவருகிறது. இந்தியிலும் பிற இந்திய மொழிகளிலும் கலைச்சொற்கள் அங்கே கோக்கப்படுகின்றன. மத்தியப் பிரதேசம் 2022இல் இந்தியில் மருத்துவப் பாடநூல்களையே வெளியிட்டது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ‘இரண வைத்தியம்’ என்ற அறுவை நூலை 1867இல் கொண்டுவந்தார். சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிரேடு என்பதற்கு ஒரு சொல்லைக் கண்டுபிடித்து அகராதியில் ஏற்றுவதால் மேற்சொன்ன நான்கு மூன்றுகளும் பிரிந்துவிடப் போவதில்லை. சொல் ஒன்றாக இருப்பதே அங்கே சிக்கல். அந்த இடத்தில் தேவைப்படுவது ஒரு வாக்கியம். ‘இந்த எண் 1 முதல் 3 வரையிலான அளவில் உள்ளது, எண் கூடக்கூட நோய் கடுமை’ என்றோ, ‘இந்த எண் 1 முதல் 4 வரையிலான அளவில் உள்ளது, எண் கூடக்கூட மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது’ என்றோ ஒரு வாக்கியம். தமிழில் ‘கடுமைப் படி’ என்று எழுதினால் தரத்தின் மயக்கமும் போகும்.

அறிக்கையின் முதல் தாள் இப்போதுள்ளபடியே ஆங்கிலத்தில் மருத்துவருக்கு இருக்கட்டும். பின்புறம் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே இந்தியில், கேட்பவருக்குத் தமிழிலோ வங்காளத்திலோ, ஐந்தாறு வரிகள்: கட்டியின் பெயர், எந்த ஆண்டு வகைப்பாட்டின்படி, அது புற்றுநோயா, இல்லையா, இடைப்பட்டதா, எண் எந்த அளவில், எந்தத் திசையில், மரபணுச் சோதனை செய்யப்பட்டதா, செய்து பிறழ்வு காணப்படவில்லையா, செய்தும் பலிக்கவில்லையா. வகைகள் நூற்றுக்குள் அடங்கும். வார்ப்பு வாக்கியங்களை ஒருமுறை எழுதிக் கணினியில் வைத்துவிட்டால், நெரிசல் மிகுந்த துறையிலும் அச்சிட ஒரு சொடுக்குக்கு மேல் நேரமாகாது. கடைசி வரி நோயாளிக்குப் புரியாவிட்டாலும் அடுத்த ஊர் ஆய்வகத்துக்குப் புரியும்: ‘அமிலத்தில் இடாத துண்டு தனியே வைக்கப்பட்டுள்ளது, பிளாக் எண் இன்னது.’